ரிக்ஸ் எடுத்து வைத்திருந்த தோட்டா

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களில் பலமுறை பார்த்து ரசித்த ‘லெதல் வெப்பன்’ (1987) படத்தைச் சென்ற வாரம் மறுபடியும் பார்த்தேன். சண்டைகள் பழையனவாகத் தெரிந்தன. சாக்ஸபோன் இசை எரிச்சலூட்டியது. நகைச்சுவைப் படத்தில் சோகம் எதற்கென்று அந்தக் காட்சிகளை ஓட்டிவிட்டேன். பழைய படங்களை மறுபடி பார்க்கவே கூடாதோ?

அன்புள்ள நண்பருக்கு,

பார்க்கலாமா கூடாதா என்பது கிடக்கட்டும். ‘ஓட்டிவிட்டேன்’ என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! சாக்ஸபோனுக்காக நான் வாதாட வரவில்லை; அது அந்தக் காலத்துத் தலைமுடியைப் போன்றது, போகட்டும். ஆனால் நீங்கள் ஓட்டியது படத்தையே.

மெல் கிப்சன் நடித்த போலீஸ்காரன் ரிக்ஸ், மனைவியை இழந்து, கடற்கரையோர டிரெய்லர் வீட்டில் நாயோடு வாழ்பவன். தனக்கென்றே ஒரு தோட்டாவை எடுத்து வைத்திருப்பவன். மாடியிலிருந்து குதிக்கப் போகிறவனைக் காப்பாற்றச் சென்றவன், அவன் கையோடு தன் கையையும் விலங்கால் பூட்டிக்கொண்டு தானே குதித்துவிடுகிறான். கீழே காற்றுமெத்தை இருப்பதால் நாம் சிரிக்கிறோம். அவனோடு பணியாற்றும் போலீஸ்காரர், டேனி க்ளோவர் நடித்த மர்ட்டாக் சிரிக்கவில்லை. ரிக்ஸைத் தனியே இழுத்துச் சென்று, சாகத்தான் ஆசையா என்று கேட்டுத் தன் துப்பாக்கியையே நீட்டுகிறார். அவன் விசையை அழுத்தும்போது குறுக்கே விரலைக் கொடுத்துத் தடுத்த பிறகுதான், இவன் ஓய்வூதியத்துக்காகப் பைத்தியமாக நடிக்கவில்லை என்பது அவருக்குப் புரிகிறது. அதற்குப் பின் அவர்கள் போடும் ஒவ்வொரு சண்டையும், இவனை உயிரோடு வைத்திருக்க அவர் செய்யும் வேலைதான். பின்னாளில் இவ்வகைப் படங்களை எடுத்த பலர் இரு போலீஸ்காரர்களின் வாய்ச்சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு தோட்டாவை விட்டுவிட்டார்கள்.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். மனைவி போன பிறகு முன்பைவிட அதிகமாக வேடிக்கை பேசினார். தொலைபேசியில் அரைமணி நேரம் சிரிக்க வைத்துவிட்டு, “சரி, நீ போய் வேலையைப் பார்” என்பார். நானும் போய் வேலையைப் பார்ப்பேன். இனி அந்த இரவை அவர் எப்படிக் கழிப்பார் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் மறைந்த ஆண்டில் இந்தப் படத்தை மறுபடி பார்க்க உட்கார்ந்தவன், மர்ட்டாக்கின் விரலைக் கண்டதும் அணைத்துவிட்டேன். மீதியைப் பார்க்கப் பல மாதங்கள் ஆயின. இளவயதில் ரிக்ஸின் துணிச்சலைத்தான் பார்த்திருந்தேன். படத்தின் தொடக்கத்தில் குளியல் தொட்டியில் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடும் அந்த மனிதரை (அப்போது க்ளோவருக்கு நாற்பதுதான்) ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஆகவே உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை; ஆனாலும் திட்டுகிறேன்.

கிறிஸ்துமஸ் நாளில் மர்ட்டாக்கின் வாசலுக்கு வரும் ரிக்ஸ், இனி இது தேவைப்படாது என்று அந்தத் தோட்டாவை அவர் மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். மர்ட்டாக் வெளியே வந்து அவனைச் சாப்பிட அழைக்கிறார். நாயும் கூடவே உள்ளே போகிறது. உள்ளே ஒரு பூனை இருக்கிறது. அதையும் ஓட்டிவிட்டீர்களா?