கிண்ணத்தில் மிஞ்சுவதைப் பாருங்கள்: வளர்ப்பு எலிகளுக்குச் சரிவிகித உணவு

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த மூன்று ஆண் எலிகளை வளர்க்கிறேன். வயது ஏழு மாதம். கலப்பு விதைத் தீவனத்தைக் கிண்ணம் நிறைய வைக்கிறேன். சூரியகாந்தி விதையையும் நிலக்கடலையையும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகின்றன. ஒன்று மட்டும் மிகவும் பருத்துவிட்டது. பெல்லட்டுக்கு (அரைத்து அழுத்திய தீவனத் துண்டுகளுக்கு) மாற்ற வேண்டுமா? தினமும் ஒரே உணவென்றால் சலித்துவிடாதா? காய், பழம் எவ்வளவு தரலாம்? வைட்டமின் சொட்டு மருந்து தேவையா?

பதில்: நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி, கிண்ணத்தில் எது மிஞ்சுகிறது என்பதுதான். தீவனப் பையின் மேல் அச்சிட்டிருக்கும் சத்து அட்டவணை, உள்ளே இருப்பதை எலி ஒன்றுவிடாமல் தின்றால் மட்டுமே பொருந்தும். உங்கள் எலிகள் தின்பது அந்தப் பையில் உள்ள உணவையல்ல; அதிலிருந்து தாமே பிரித்தெடுத்த வேறோர் உணவை. சூரியகாந்திப் பருப்பிலும் நிலக்கடலையிலும் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. கால்சியமோ மிகக் குறைவு. பாஸ்பரஸ் அதைப்போலப் பல மடங்கு. இந்த இரண்டையும் மட்டும் மாதக்கணக்கில் தின்னும் எலி, பார்வைக்குக் கொழுத்திருந்தாலும் உள்ளுக்குள் சத்துக்குறைவோடு இருக்கக்கூடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்று மாலை வைக்கும் தீவனத்தை எடைபோட்டு வையுங்கள். நாளை மாலை மிஞ்சியதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பிரியுங்கள். பார்லியும் மக்காச்சோளமும் தனியே, பச்சையும் பழுப்புமாக உள்ள அழுத்திய துண்டுகள் தனியே, உமி தனியே எனக் குவித்தால், எதைத் தின்னவில்லை என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்த அழுத்திய துண்டுகளில்தான் தயாரிப்பாளர் வைட்டமின்களையும் தாது உப்புகளையும் சேர்த்திருப்பார். எலிகள் முதலில் ஒதுக்குவதும் அவற்றைத்தான். கிண்ணம் காலியாகுமுன் மறுபடியும் நிரப்பும் வழக்கம் இந்தப் பொறுக்கலை வளர்த்துவிடுகிறது. பிடித்தது நாளைக்கும் கிடைக்கும் என்று தெரிந்தபின் பிடிக்காததை எந்த எலியும் தின்னாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: ஆம், பெல்லட்டுக்கு மாற்றுங்கள். அரைத்து, கலந்து, அழுத்திச் செய்த பெல்லட்டின் ஒவ்வொரு கடியிலும் ஒரே விகிதத்தில் சத்து இருப்பதால், பொறுக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கலப்புத் தீவனத்தைத் தானே சேர்த்து, அளவு பார்த்து, மிஞ்சியதைக் கவனித்து நன்றாகவே வளர்ப்பவர்கள் உண்டு. அதற்குப் பழக்கமும் நேரமும் வேண்டும் என்பதால், தொடக்கத்தில் பெல்லட்டை அடிப்படை உணவாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

எந்த பெல்லட் என்பதில் வயதைப் பாருங்கள். அமெரிக்க ஊட்டச்சத்துக் கழகம் ஆய்வக எலிகளுக்கென 1993-இல் வெளியிட்ட உணவுத் திட்டம் இரண்டு வகைப்பட்டது. வளரும் குட்டிகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்களுக்கும் உரிய வகையில் கிலோவுக்கு 200 கிராம் பால் புரதமும் 70 கிராம் எண்ணெயும் உண்டு; வளர்ச்சி முடிந்த எலிகளுக்கு உரிய வகையில் அவை 140 கிராமாகவும் 40 கிராமாகவும் குறைகின்றன. ஏழு மாத எலிக்கு வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிட்டது. எனவே புரதம் 14 முதல் 16 விழுக்காடும், கொழுப்பு 4 அல்லது 5 விழுக்காடும் உள்ள பெல்லட் உங்கள் மூன்றுக்கும் பொருந்தும். சேர்மானப் பட்டியலின் முதலிடத்தில் முழுத்தானியம் இருக்கட்டும். சர்க்கரைப் பாகு இருக்க வேண்டாம். முயலுக்கான தீவனம் நார்ச்சத்து மிகுந்தது, நாய்க்கானது பெரும்பாலும் புரதமும் கொழுப்பும் மிகுந்தது. அவற்றை எலியின் அன்றாட உணவாக வைக்காதீர்கள். தயாரித்த நாளையும் பாருங்கள். வைட்டமின்கள் நாள்பட நாள்பட வீரியம் இழப்பதால், ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவே வாங்கி, ஈரமும் வெயிலும் படாத மூடிய டப்பாவில் வையுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, உடல் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நாளொன்றுக்கு 5 முதல் 6 கிராம் உலர் உணவு என்பது பொதுவான கணக்கு. வளர்ந்த எலி ஒன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் என்று தொடங்கலாம். பெரிய உடலுள்ள ஆண் எலிகளுக்கு அந்தக் கணக்கின்படி இதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படலாம். மூன்றுக்கும் சேர்த்து 45 முதல் 60 கிராமைத் தராசில் நிறுத்து, எலிகள் விழித்துக்கொள்ளும் மாலை வேளையில் ஒரே தடவையாக வையுங்கள். கிண்ணம் காலியாகிவிட்டதே என்று உடனே நிரப்பிவிடாதீர்கள். எலி பதுக்கும் விலங்கு. படுக்கைக்கு அடியிலும் மூலையிலும் தேடினால் நேற்றைய பெல்லட்டில் பாதி அங்கே கிடக்கும்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்ய வேண்டாம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. தின்றுவிட்ட நஞ்சை வெளியே தள்ள வழியில்லாத அந்த உடலுக்கு, புதிய உணவின் மேல் இருக்கும் ஐயமே காவல். புதிய பெல்லட்டை முதன்முறை வைக்கும்போது நின்று கவனியுங்கள்: மீசையை முன்னே நீட்டி, உடலின் பின்பாதியைப் பின்னுக்கு இழுத்தபடியே முகர்ந்து, ஓரத்தில் ஒரு துணுக்கை மட்டும் கொறித்துவிட்டு நகர்ந்துவிடும். அடுத்த இரவு கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். பத்து நாளில், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி வந்தால் போதும். மூன்றில் துணிச்சலான எலிக்கு முதலில் தனியே கொடுத்துவிட்டு, பிறகு மற்றவற்றோடு விடுங்கள். தின்றுவிட்டு வந்த எலியின் மூச்சில் உள்ள உணவின் மணத்தை மற்ற எலிகள் அதன் வாயருகே முகர்ந்து தெரிந்துகொள்கின்றன. அந்த மணமுள்ள உணவைப் பின்னர் தயக்கமின்றி நாடவும் செய்கின்றன. கூட்டமாக வாழும் விலங்கின் இந்த இயல்பு, வளர்ப்பவருக்குக் கைகொடுக்கும் அருமையான ஒன்று.

சலிப்பைப் பற்றிய உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை; எலிக்குச் சலிப்பு உண்மையிலேயே உண்டு. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் உணவு ஒன்றாக இருப்பதைவிட அது தேடாமல் கிடைப்பதே. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை இரை தேடுவதில் கழிக்கும் விலங்குக்கு, நிரம்பிய கிண்ணம் வேலையையே இல்லாமல் செய்துவிடுகிறது. அளந்த பெல்லட்டில் பாதியைக் கூண்டின் தரையில் காகிதத் துகளுக்குள் தூவுங்கள், சிலவற்றை அட்டைக் குழாயில் போட்டு இருபுறமும் மடித்து அடையுங்கள், சிலவற்றை மேல்தட்டில் ஏறினால்தான் எட்டும்படி வையுங்கள். இப்படிச் செய்தால் தின்னும் அளவு கூடாமலே இரவு முழுவதும் வேலை கிடைத்துவிடும்; பருத்த எலிக்கு அதுவே உடற்பயிற்சியும் ஆகும்.

பெல்லட்டோடு, மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு, பசுமையான உணவாக இருக்கலாம். ஓர் எலிக்கு நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி நறுக்கிய காய் போதுமானது. புரோக்கோலி, கேரட், பட்டாணி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதை எப்போதாவது மட்டும் தாருங்கள். பழத்தில் சர்க்கரை மிகுதி. ஆப்பிளானால் விதை நீக்கிய ஒரு சிறு துண்டு, அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள். வேகவைத்த முட்டையில் விரல்நுனி அளவு வாரம் ஒருமுறை தரலாம். சூரியகாந்தி விதையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. கையிலிருந்து ஒன்றிரண்டாகக் கொடுத்தால், அழைத்தால் வரப் பழக்குவதற்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. தின்னாது விட்ட பசுமை உணவைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பதுக்கிய காய் அழுகினால் பூஞ்சை பிடிக்கும்.

ஆண் எலி வளர்ப்பவர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஆரஞ்சுத் தோலில் மணம் தரும் எண்ணெயாக இருக்கும் லிமோனீன் என்னும் பொருள், ஆண் எலியின் ஈரலில் உண்டாகும் ஒரு தனிப் புரதத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிந்து அதைப் பழுதாக்குகிறது. அந்தப் புரதம் பெண் எலியில் அந்த அளவுக்கு இல்லை. மனிதரிடம் இல்லவே இல்லை. இக்காரணத்தால் உங்கள் மூன்றுக்கும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எதுவும் வேண்டாம்.

ஆண், பெண் வேறுபாடின்றி எல்லா எலிகளுக்கும் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேகாத மொச்சை வகைகளிலும் சிவப்பு பீன்ஸிலும் செரிமானத்தைக் கெடுக்கும் நச்சுப் புரதம் உண்டு. நன்கு வேகவைத்தால் அது அழிந்துவிடும். பச்சை பிடித்த அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கு, அவகாடோவின் தோலும் கொட்டையும், சாக்லேட், காபி, மது ஆகியவை கூடவே கூடாது. வாயு நிரப்பிய குளிர்பானமும் வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையையோ தானியத்தையோ ‘கொஞ்சம்தானே’ என்று தட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் எலியின் ஈரலில் புற்றுநோயை விளைவிக்க வல்லது, கழுவினாலும் வறுத்தாலும் முழுமையாகப் போகாது. கடலை வெண்ணெயைக் கட்டியாக வைத்தால் தொண்டையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். கொடுத்தே ஆக வேண்டுமானால் மெல்லிய பூச்சாகத் தடவிக் கொடுங்கள்.

வைட்டமின் சொட்டு மருந்து தேவையில்லை. நல்ல பெல்லட்டில் எல்லாம் உண்டு; வைட்டமின் சி-யை எலியின் உடலே தயாரித்துக்கொள்கிறது. தன் புழுக்கையில் சிலவற்றை அது திரும்பத் தின்பதையும் தடுக்க வேண்டாம். குடலில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் அந்த வழியாகத்தான் உடலில் சேர்கின்றன. தண்ணீரில் மருந்து கலந்தால் சுவை மாறி, குடிப்பதே குறைந்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 500 கிராம் எடையுள்ள எலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் புட்டியின் குமிழைத் தினமும் விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள்; குமிழ் அடைத்துக்கொண்டால் எலி தின்பதையும் நிறுத்திவிடும்.

இனி அந்தப் பருத்த எலிக்கு வருவோம். வளர்ந்த ஆண் எலி 450 முதல் 650 கிராம் வரை இருப்பது இயல்பு. உடலமைப்பைப் பொறுத்து மாறும் என்பதால் எண்ணைவிடக் கை நல்ல அளவுகோல். முதுகின் மேலும் இடுப்பின் மேலும் விரலை மெதுவாக ஓட்டினால் எலும்புகள் துருத்தாமல், ஆனால் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தினால்தான் தெரிகின்றன என்றால் கொழுப்பு மிகுந்துவிட்டது. 1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே குழுவினர், சத்து குறையாமல் கலோரியை மட்டும் குறைத்துக் கொடுத்த எலிகள் நீண்ட காலம் வாழ்ந்ததைக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் தம் எலியைப் பட்டினி போட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும் விலங்கில், மிகை எடை உள்ளங்காலில் ஆறாத புண்ணையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த எலி மற்ற இரண்டையும் விரட்டிவிட்டுத் தின்கிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்படியானால் உணவை ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று இடங்களில் வையுங்கள். விதைகளை நிறுத்தியதுமே எடை மெல்ல இறங்கத் தொடங்கும். வாரத்துக்கு 5 முதல் 10 கிராம் குறைந்தால் போதுமானது. மூன்றையும் வாரந்தோறும் ஒரே கிழமையில் நிறுத்துக் குறித்துவையுங்கள். ஒன்றரை வயதுக்குப் பிறகு நிலைமை மாறி, எடை தானாகக் குறையத் தொடங்கலாம். அப்போது பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டுக் கொடுக்க நேரும்.

ஒரு நாள் முழுவதும் எதையும் தொடாத எலியை, உணவு மாற்றம்தானே என்று காத்திருக்க விடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். போகும் முன் உதட்டை மெதுவாக விலக்கி வெட்டுப்பற்களைப் பாருங்கள். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் இயல்பானதுதான். ஆனால் வாழ்நாள் முழுவதும், வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கும் மேல் வளரும் அந்தப் பற்கள் ஒன்றோடொன்று உராயாமல் கோணினால், பசி இருந்தும் எலியால் கடிக்க முடியாது. உணவை எடுத்து, கைகளில் பிடித்து, பிறகு கீழே போட்டுவிடும் எலியின் கோளாறு பெரும்பாலும் அந்த வாய்க்குள்தான் இருக்கும்.