தும்மினால் சிறுநீர் கசிகிறது, டாக்டரிடம் போக வேண்டுமா?

தும்மினாலும் சிரித்தாலும் கசிகிறது, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அப்படிக் குறைப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் வந்து சேரும், கசிவு இன்னும் மோசமாகும். குறைப்பதானால் காபியைக் குறைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் இடுப்புத்தளத் தசைகளின், அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளின் தளர்ச்சி. வாயுவை அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளிழுத்துச் சில விநாடி பிடித்து, விட்டுவிடுங்கள்; ஒரு தடவைக்கு பத்து, நாளுக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது, சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகவும் கூடாது. பலன் தெரிய 3 மாதமாவது ஆகும், பாதியில் விடுபவர்கள்தான் அதிகம்.

டாக்டரிடம் கட்டாயம் போங்கள். போகுமுன் 3 நாள் எப்போது குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள், சாப்பிடும் மாத்திரைகளையும் சேர்த்து. வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினாலே போதும். கிருமித்தொற்று, சர்க்கரை நோய் எல்லாம் சோதிப்பார்கள். ரத்தம் கலந்து வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் மரத்தாலோ அன்றே போக வேண்டும்.

அப்புறம், மாதவிடாய் நாப்கின் இதற்குச் சரிப்படாது. சிறுநீருக்கென்றே பேட் தனியாகக் கிடைக்கிறது.