கறுப்பு ரொட்டி சாப்பிட்டதும் முகம் சிவக்கிறது என்றவருக்கு

ஹிஸ்டமின் (சில உணவுகளில் இருக்கும், ஒவ்வாமை மாதிரி அறிகுறிகளைக் கிளப்பும் பொருள்) ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஜெர்மன் பேக்கரியில் வாங்கும் கறுப்பு ரொட்டியைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து மூக்கு அடைக்கிறது என்கிறீர்கள். ஈஸ்டை மட்டும் திட்டாதீர்கள், பேக்கரி ஈஸ்ட் பெரிதாக ஹிஸ்டமின் உண்டாக்குவதில்லை. எனக்குச் சந்தேகம் புளித்த மாவின் மேல்தான்: பல மணி நேரம் புளிக்கும்போது சில பாக்டீரியாக்கள் மாவுப் புரதத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், அது அடுப்புச் சூட்டிலும் அழியாது. கறுப்பு ரொட்டிக்குப் போடும் ரை என்ற தானியத்தின் மாவு புளிப்பு இல்லாமல் சரியாக எழும்பாது, அதனால் அங்கே கறுப்பு ரொட்டி என்றாலே பெரும்பாலும் ‘ஸவர்டைக்’ (Sauerteig, ஜெர்மனில் புளித்த மாவு) சேர்ந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், ரொட்டிமேல் என்ன வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே! நாள்பட்ட சீஸ், சலாமி, தக்காளி என்றால் ரொட்டி பாவம்.

இரண்டு வாரத்துக்கு பேக்கிங் பவுடர் போட்டு வீட்டில் சுட்ட ரொட்டியோ, அன்றன்று போட்ட சப்பாத்தியோ, வெறும் வெண்ணெயோடு சாப்பிட்டுப் பாருங்கள். மீந்ததைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அதற்கும் வயிறு உப்பினால் கோதுமையையே சந்தேகிக்க வேண்டும், ஆனால் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுக்கும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் முடிவு தப்பாக வரலாம். மூச்சு முட்டினால் மட்டும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.