அப்பாவின் பழைய லென்ஸ், அண்ணா அனுப்பிய புதுக் கமரா

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு நிக்கோன் இஸட் 5 கமரா அனுப்பியிருக்கிறார், லென்ஸ் இல்லாமல். வீட்டு அலுமாரியில் அப்பா பிலிம் காலத்தில் பாவித்த இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன: நிக்கோன் ஏஎஃப் 50 மிமீ 1.8டி ஒன்று, சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 ஒன்று. கொழும்பில் ஒருவர், எஃப்டிஇஸட் அடப்டரும் (பழைய நிக்கோன் எஃப் லென்ஸை இஸட் கமராவில் மாட்ட நிக்கோன் செய்த இணைப்பு) அதற்கு மேல் மாட்ட உள்ளே கண்ணாடி வில்லை வைத்த இன்னொரு அடப்டரும் சேர்த்து வாங்கினால் இரண்டு லென்ஸும் ஓட்டோ ஃபோகஸ் செய்யும் என்று விலை சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். உங்கள் இரண்டு லென்ஸும் அந்தக் கமராவில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இந்த வழியில் இரண்டுமே ஓட்டோ ஃபோகஸ் செய்யாது. அவர் சொல்லும் அடப்டர்களில் எதை மாட்டினாலும் செய்யாது.

ஹீலியோஸ் கையால் திருப்புவதற்கென்றே செய்த லென்ஸ். எஃப்டிஇஸட் போட்டால் அதில் ஓட்டோ ஃபோகஸ் வரும் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவருக்குப் பொருள் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அப்பாவின் 50 விஷயம் கொஞ்சம் வேறு. அதைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள், உலோக வளையத்தில் திருப்புளி நுழைவது போல ஒரு சின்ன வெட்டு இருக்கும். 1986இல் எஃப்-501 கமராவோடு நிக்கோன் கொண்டுவந்த ஏற்பாடு அது: மோட்டார் கமராவுக்குள் இருக்கும், ஒரு சின்ன ஆணி வெளியே வந்து அந்த வெட்டில் பொருந்தி லென்ஸைச் சுழற்றும். உங்கள் இஸட் 5இல் அந்த மோட்டார் இல்லை. எஃப்டிஇஸட்டிலும் இல்லை. பிறகு லென்ஸை எது சுழற்றும்?

இதில் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. சோனி 2020இல் தன் பழைய ஏ-மவுண்ட் லென்ஸ்களுக்காக எல்ஏ-இஏ5 என்ற அடப்டருக்குள் மோட்டாரை வைத்துக் கொடுத்தது. நிக்கோன் 2021இல் எஃப்டிஇஸட்டின் இரண்டாவது பதிப்பை வெளியிட்டபோது, கீழே துருத்திக்கொண்டிருந்த ட்ரைபொட் பாதத்தை எடுத்துவிட்டதோடு சரி. எத்தனை வீட்டு அலுமாரிகளில் அப்பாவின் 50 போன்ற இந்த டி லென்ஸ்கள் கிடக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியாதா?

எஃப்டிஇஸட் யாருக்குப் பிரயோசனம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் விளையாடுவது இந்த இடத்தில்தான். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, எஃப்டிஇஸட் போட்டால் ஓட்டோ ஃபோகஸ் வரும். வெறும் ஏஎஃப் என்றிருந்தால் வராது. உங்களுடையது வெறும் ஏஎஃப். இங்கே இன்னொரு குழப்பம் இருக்கிறது: கமராவின் மெனுவிலும் ஏஎஃப்-எஸ் என்று ஒன்று வரும், அது ஒரு தடவை ஃபோகஸ் பிடித்து நிறுத்துகிற முறையின் பெயர், லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போன வருஷம் ஒரு தம்பிக்கு ஒரு கடையில் திரையிலுள்ள அந்த எழுத்தைக் காட்டி, "பாருங்கள், ஏஎஃப்-எஸ் வருகிறது" என்று சொல்லியே எஃப்டிஇஸட்டை விற்றிருக்கிறார்கள். அவர் வைத்திருந்ததும் டி லென்ஸ்தான். ஆகவே லென்ஸின் உடம்பில் உள்ள எழுத்தைப் பாருங்கள், திரையை நம்பாதீர்கள். நாளைக்கு யாராவது உறவினர் ஏஎஃப்-எஸ் லென்ஸ் ஒன்றைத் தந்தால், அதுவும் டிஎக்ஸ் என்று எழுதாத லென்ஸாக இருந்தால், அப்போது எஃப்டிஇஸட் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. டிஎக்ஸ் என்றால் சின்னச் சென்சர் கமராக்களுக்குச் செய்த லென்ஸ், அதை மாட்டினால் உங்கள் 24 மெகாபிக்சல் கமரா படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், கையில் கிடைப்பது ஏறக்குறைய 10தான்.

இப்போது உங்களுக்குத் தேவையானது இரண்டு சாதாரண உலோகக் குழாய்கள். எஃப்-இலிருந்து (அப்பாவின் 50இன் பொருத்து) இஸட்டுக்கு ஒன்று, எம்42-இலிருந்து (ஹீலியோஸின் திருகுப் பொருத்து) இஸட்டுக்கு ஒன்று. சிப் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். பழைய நிக்கோன் லென்ஸ் சென்சரிலிருந்து 46.5 மிமீ தள்ளி நிற்க வேண்டும், இஸட் கமராவில் அந்த இடைவெளி 16 மிமீதான். மிச்சம் 30.5 மிமீயை நிரப்புவதுதான் அடப்டரின் முழு வேலை, உள்ளே வெறும் காற்று. ஹீலியோஸுக்கு 45.46 மிமீ வேண்டும், அதற்கு 29.46 மிமீ நீளக் குழாய் போதும். கண்ணாடி எங்கிருந்து வந்தது என்றால், அந்தக் காலத்து நிக்கோன் கமராக்களில் ஹீலியோஸை மாட்டும்போது அது ஒரு மிமீ தூரம் கூடித் தள்ளி நிற்கும், தூரத்துக் காட்சி தெளியாது, அதைச் சரிக்கட்டக் கண்ணாடி வைத்தார்கள். அந்தக் கண்ணாடியால் படம் மங்கியது வேறு கதை. உங்களுடையது போல உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராவில் நேரே குழாயை மாட்டினால் அந்தப் பிரச்சினையே இல்லை, ஆனால் விற்காமல் தேங்கிய சரக்கை இப்படித்தான் தள்ளிவிடுகிறார்கள்.

பாவிக்கும் முறை சுலபம். 50இல் அபர்ச்சர் வளையம் (ஒளி நுழையும் துவாரத்தைக் கூட்டிக் குறைப்பது) 22இல் பூட்டியிருந்தால் பூட்டை விடுவித்து, கையால் திருப்புங்கள். கமராவை ஏ அல்லது எம் முறையில் வையுங்கள். மெனுவில் நொன்-சிபியு லென்ஸ் டேட்டா என்ற இடத்தில் (கமராவோடு பேசாத லென்ஸின் விபரம் பதியும் இடம்) 50 என்றும் ஹீலியோஸுக்கு 58 என்றும் பதிந்துவிட்டால், கை நடுக்கத்தைக் கமரா சரியாகச் சமாளிக்கும். இதைப் பலர் செய்வதில்லை, பிறகு லென்ஸைக் குறை சொல்கிறார்கள். ஃபோகஸ் பீக்கிங்கை (தெளிவாக விழும் ஓரங்களுக்கு நிறம் காட்டும் வசதி) சிவப்பில் போடுங்கள், முக்கியமான படத்துக்கு பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்தி, படத்தில் நிற்பவரின் கண்ணைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கிழமையில் கை பழகிவிடும். தேர்த்திருவிழாவில் ஓடுகிற பிள்ளைகளைப் பிடிக்க மட்டும் இது உதவாது. காசுக்குக் கலியாணம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்த இரண்டு அடப்டருக்கான காசை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சேர்த்து, ஓட்டோ ஃபோகஸ் செய்யும் நிக்கோன் இஸட் 40 மிமீ எஃப்/2 லென்ஸைப் பாருங்கள்.

அடப்டருக்குச் செலவழிக்க முன்னால் லென்ஸ்களுக்குள் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள், தயவு செய்து. நம் ஊர் உப்புக் காற்றிலும் மாரி மழையிலும் தோல் உறைக்குள் வைத்த லென்ஸ் தப்புவது அபூர்வம். அபர்ச்சரை முழுதாகத் திறந்து, போன் வெளிச்சத்தை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சணம். ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தைக் கெடுக்காது, பரவாமல் பார்த்தால் போதும். தோல் உறையை விட்டு எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசிதான் ஏறும். "கொழும்புக்கு அனுப்பிக் கழுவித் தருகிறேன்" என்று வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் லென்ஸைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் லென்ஸில் உள்ள இலக்கத்தை எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

குழாய் வந்ததும் முதலில் ஊது பந்தால் உள்ளே நன்றாக ஊதுங்கள், மலிவான அடப்டரில் உலோகத் தூள் இருக்கும், அது சென்சரில் விழும். பிறகு மாட்டி அசைத்துப் பாருங்கள், ஆடினால் திருப்பி அனுப்புங்கள். கடைசியாகத் திருகோணமலை டச்சு பே கரையில் நின்று, லென்ஸைத் தூர முனை வரை திருப்பி, கோணேசர் மலையைப் பாருங்கள். மலை தெளிந்து வந்தால் குழாய் சரி. முனை வரை திருப்பியும் மங்கலாகவே நின்றால் குழாய் நீளம் கூடியது, அதைத் திருப்பிக் கொடுங்கள். திருப்பி எடுக்கும் கடையா என்று வாங்க முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள்.