முதலாளியைப் பார்க்காமல் நிர்வாகத்தை எடை போடுவது எப்படி?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகள் வாங்குகிறேன். "நிர்வாகம் நல்லதா என்று பார்த்து வாங்கு" என்கிறார்கள். மும்பையில் இருக்கும் முதலாளியை சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்ப்பது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நேரில் பார்க்கவே வேண்டாம். ஒரு நிறுவனத் தலைவர் டிவியில் பேசியதைக் கேட்டு மயங்கி, போட்ட பணத்தில் பாதியை இழந்தவன் நான். அவர்களுடைய ஆண்டறிக்கை அப்போது பிரிக்காமல் என் மேஜையிலேயே கிடந்தது. முதலாளியின் மகன் நடத்திய கம்பெனிக்கு முன்பணம் என்ற பெயரில் நம் பணம் போனது அதன் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

வெள்ளிக்கட்டி வாங்கும்போது நீங்கள் விற்பவரின் பேச்சை நம்பாமல் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? இங்கேயும் அப்படித்தான். வெளியூர் வியாபாரிக்குப் பத்து கிலோ கொலுசைக் கடனுக்கு அனுப்பிவிட்டு நோட்டில் லாபம் எழுதிக்கொள்ளலாம், ஆனால் பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த கட்டி வாங்க முடியும், சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியும். அதனால் கம்பெனியின் ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டுங்கள், பக்கத்திலேயே தொழிலில் இருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டி எழுதுங்கள். லாபம் 100 கோடி, ரொக்கம் 30 கோடி என்றால் மீதி எங்கே, வராத பாக்கியிலா, விற்காத சரக்கிலா? வேகமாக வளரும் கம்பெனியில் ஓரிரு வருடம் இப்படி இருக்கலாம், ஐந்து வருடமும் இருந்தால் நான் தொட மாட்டேன். (வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

புரமோட்டர், அதாவது கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளி, தன் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா என்பது காலாண்டுதோறும் பங்குச்சந்தை இணையதளத்தில் வரும். அடமானம் ஏறிக்கொண்டே போனால் விலகிவிடுங்கள்.

விருதுகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹைதராபாத்தின் சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கியது. அதே டிசம்பரில் தலைவரின் குடும்பத்தார் நடத்திய மேடாஸ் கம்பெனிகளைப் பங்குதாரர் பணத்தில் வாங்கப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7 அன்று, இருப்பில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அந்தத் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். அந்த டிசம்பரிலேயே பங்கை விற்று வெளியேறியவர்கள் பெரிய நஷ்டத்திலிருந்து தப்பித்தார்கள்.

நான் அதிகம் நம்புவது பழைய ஆண்டறிக்கையைத்தான். நான்கு வருடத்துக்கு முன் தலைவர் எழுதிய கடிதத்தை எடுத்து, அன்று சொன்ன ஆலை வந்ததா, கடன் குறைந்ததா என்று இன்று பாருங்கள். நடக்காமல் போயிருக்கலாம், அது தொழிலில் சகஜம். "எங்கள் கணக்கு தப்பிவிட்டது" என்று அடுத்த வருடம் எழுதியிருந்தால் அவரை நம்பலாம், மழை மீதும் அரசாங்கத்தின் மீதும் பழி போட்டிருந்தாலோ அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டிருந்தாலோ எனக்கு யோசனைதான்.

அப்புறம், ஆடிட்டர் தன் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினால் காரணம் தெளிவாகும் வரை ஒரு ரூபாய்கூடச் சேர்த்துப் போடாதீர்கள். இப்போதைக்கு, உங்கள் பணம் அதிகமாக இருக்கும் ஒரு கம்பெனியில் ஆரம்பியுங்கள், ஐந்து வருட அறிக்கைகளும் அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.