உயிரி எரிபொருள் படிப்பு: மகளின் தயக்கம் நியாயமானதுதான்

பயிரிலிருந்தும் கழிவிலிருந்தும் எடுக்கிற உயிரி எரிபொருளில் முதுநிலை படிக்க ஆசைப்பட்ட மகள், 'ஏழை நாடுகளின் சாப்பாட்டில் கைவைக்கிற துறை அது' என்று யாரோ சொன்னதிலிருந்து குழம்பிக் கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள், அம்மா. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறாள்.

இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோலோடு கலக்கிற எத்தனால் என்ற சாராயம் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ மக்காச்சோளம் வேண்டும். காரின் 50 லிட்டர் டேங்கை நிரப்ப 125 கிலோ. தினமும் 340 கிராம் வீதம் சமைத்தால் ஒருவருக்கு ஒரு வருடம் வரும். எத்தனால் எடுத்த பிறகு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மாட்டுத் தீவனமாகத் திரும்புகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்தாலும் மிச்சம் கொஞ்சமல்ல.

ஏழைகள் மேல் அடி விழுவது விலை வழியாக. அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எத்தனால் ஆலைக்குப் போகிறது. 2007 ஜனவரியில் டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியின் விலை எகிறி மெக்சிகோ நகரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். எத்தனாலுக்கான தேவையும் அதற்கு ஒரு காரணம். வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே கொடுக்கிற குடும்பம் முதலில் முட்டையையும் காய்கறியையும் நிறுத்தும், அப்புறம் ஒரு வேளையையே நிறுத்தும். விற்க மிச்சமுள்ள விவசாயிக்கு அதே விலை லாபம்தான். ஆனால் ஏழை நாடுகளின் சிறு விவசாயிகளிலேயே பலர், விற்பதைவிட அதிகமாகத் தானியம் வாங்குகிறவர்கள்.

உணவல்லாத பயிர் போட்டால் சிக்கல் தீரும் என்று மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் காட்டாமணக்கு வைத்தார்கள். தரிசில் செடி பிழைத்தது, காய் போதுமான அளவு பிடிக்கவில்லை. காய்க்க வேண்டுமென்றால் நல்ல மண்ணும் தண்ணீரும் கேட்டது.

அதனால், துறையிலேயே இருக்கட்டும். எந்த மூலப்பொருள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கரும்புச் சக்கை, வைக்கோல் போன்ற பயிர்த்தாள், பயன்படுத்திய சமையல் எண்ணெய் என்று பல வழிகள் உண்டு. பயிர்த்தாளில் உள்ள செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளை மலிவாக உடைக்கும் வேலை இன்னும் முடியவில்லை; வேதியியலும் நுண்ணுயிரியலும் பிடித்தவர்களுக்கு அங்கே நிறைய இடமிருக்கிறது. கூடவே வேளாண் பொருளாதாரம் ஒரு பாடமாவது எடுக்கட்டும், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். உணவுப் பயிர் எரிபொருளுக்கு, போக்குவரத்துக்கான எரிசக்தியில் 7 சதவீதம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் உச்சவரம்பு வைத்தது. அப்படி விதி எழுதும் மேசையில் ஆலையும் சந்தையும் சேர்த்துப் புரிந்த ஆள் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன், அந்த ஆய்வகத்தில் எதிலிருந்து எரிபொருள் எடுக்கிறார்கள் என்று பேராசிரியருக்கு அவளே எழுதிக் கேட்கட்டும்.