கேரவன் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா?

கேள்வி: கரூரில் பாடி கட்டிய பழைய கேரவன் வேன் ஒன்றை வாங்கி, வயதான பெற்றோருடன் நவக்கிரகத் தலங்களுக்குப் போய் வருகிறோம். சித்திரையில் ஜன்னலோரம் படுக்க முடியவில்லை. மார்கழியில் விடிந்தால் கண்ணாடியின் உள்பக்கம் நீர் வழிகிறது. ரப்பர் கசிகிறது என்று சொல்லி 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றினார்கள்; நீர் நிற்கவில்லை. இப்போது ஆறு ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போட 84,000 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொல்லைகள். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே மருந்தை விற்கப் பார்க்கிறார்.

முதலில் நீர். நான்கு பேர் மூடிய வண்டிக்குள் இரவெல்லாம் மூச்சுவிட்டால், அந்த ஈரம் பனியில் குளிர்ந்த கண்ணாடியில்தான் போய்ப் படியும். மழையில்லாத ஓர் இரவு யாரும் படுக்காமல் வண்டியைப் பூட்டி வையுங்கள். காலையில் கண்ணாடி உலர்ந்திருந்தால் மூச்சு ஈரம்தான் காரணம். கசிவுச் சந்தேகம் மிச்சமிருந்தால், பகலில் ஜன்னல் விளிம்பில் பத்து நிமிடம் குழாய்நீரைப் பீய்ச்சிவிட்டு உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தாலே நீர் பெருமளவு குறையும். கொசுவலை கட்டாயம், நம் ஊர்க் கொசுவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே எரிவாயு அடுப்பு இருந்தால், எரியும்போது அந்தத் திறப்பை அடைக்கவே கூடாது. அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.

அடுத்து வெயில். இரட்டைக் கண்ணாடி குளிர்நாட்டு ஏற்பாடு: உள்ளே மூட்டிய சூடு வெளியே போகாமல் நடுவிலுள்ள காற்று தடுக்கும். நேர் வெயிலோ ஒளியாகவே நுழைந்து, மெத்தையில் விழுந்த பிறகு சூடாகிறது. தெளிவான கண்ணாடியை இரண்டாக்கினாலும் அதில் சிறு பங்குதான் குறையும். எடையையும் பாருங்கள்: 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, இரட்டித்தால் 20. சாலைக் குலுக்கலில் விளிம்பு அடைப்பு விட்டுப்போனால் ஈரம் நடுவே புகுந்து மங்கிவிடும், துடைக்கவும் முடியாது. ஊட்டியில் மாதக்கணக்கில் நிறுத்தித் தங்குபவராக நீங்கள் இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

தஞ்சைப் பக்கத்துத் திண்ணை வீடுகளில் மூங்கில் தட்டியை வெளியேதான் தொங்கவிடுவார்கள். அதே கணக்குதான். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே மறிக்க வேண்டும். வண்டி நிற்கும்போது மேற்குப் பக்கம் ஒரு சாண் தள்ளிப் பச்சை நிழல்வலையோ தார்பாய்ச் சாய்ப்போ கட்டுங்கள். பெரும்பகுதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உள்பக்கத்துக்கு, தகரக் கொட்டகைக் கூரையின் அடியில் போடுகிறார்களே, அந்தக் காற்றுக்குமிழ் வைத்த அலுமினியத் தாள் போதும். ஜன்னலில் செய்தித்தாளை வைத்து அளவெடுத்து, அரை அங்குலம் கூடுதலாக வெட்டி, பளபளப்பு வெளியே பார்க்கச் செருகினால் இறுக்கமாக நிற்கும். மார்கழியில் தினமும் காலையில் எடுத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருந்தால் தாளுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், சூடேறினால் அக்ரிலிக் வளைந்துவிடும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடி வழியே 50 சதவீத வெளிச்சமும், முன், பின் கண்ணாடிகள் வழியே 70 சதவீதமும் வர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

அந்த 6,000 ரூபாய்? காரணம் சொல்லி வாங்கினார்கள், கோளாறு அப்படியே இருக்கிறது. குறைபாடுள்ள சேவை என்று வாதிட இடமிருக்கிறது. சோதனையைக் கைப்பேசியில் படமெடுத்து, ரசீது நகலுடன் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, காலக்கெடு 2 ஆண்டுகள். ரசீது வாங்கவில்லை என்றால் பணம் அனுப்பிய வங்கிக் குறுஞ்செய்தியைத் தேடி எடுத்து வையுங்கள்.